மனுவேல் மார்ஷல் எந்த ஊர்க்காரர்?

டெனிஸ் மார்ஷல் அன்று மத்தியானம் பழைய பதிவேடுகளில் ஐந்தாவது மனுவேலையும் கழித்துக்கட்டினாள். பிறந்த வருஷம் சரியாக இருந்தது. அப்பா பெயர் ஜோசே, சரி. அம்மா பெயர் மரியா, சரி. போர்ச்சுகலின் அசோர்ஸ் தீவுகளில் பாதி அப்பன்கள் ஜோசே, பாதி அம்மாக்கள் மரியா என்பதால் அதற்கெல்லாம் சந்தோஷப்படுவதை அவள் மூன்று மாதத்துக்கு முன்பே விட்டிருந்தாள். விட்டது நல்லதாகப் போயிற்று. இந்த மனுவேல் 1911இல் பிரேசிலில் கல்யாணம் செய்துகொண்டிருந்தான். அவளுடைய கொள்ளுத்தாத்தா மனுவேல் அந்த வருஷம் அமெரிக்காவில் இதே ஃபால் ரிவரில், பஞ்சாலையில் தறி ஓட்டிக்கொண்டு, இரண்டு பிள்ளைகளுக்கு அப்பாவாக இருந்தார்.

கணினியை மூடிவிட்டு, "போய்த் தொலை" என்று பிரேசில் மனுவேலிடம் சொன்னாள்.

இந்த வம்பை அவளாகத் தேடிப் போகவில்லை. அசோர்ஸிலிருந்து வந்தவர்களின் பரிசுத்த ஆவி சங்கத்து மண்டபத்தில் கருங்கல் சுவர் ஒன்று எழுப்பினார்கள். 1911இல் சங்கத்தைத் தொடங்கிய பத்தொன்பது பேரின் பெயர், அவரவர் தீவு, ஊர், மூன்றையும் அதில் செதுக்குவதாக ஏற்பாடு. பதினெட்டுக் குடும்பங்கள் தேவாலயப் பதிவின் நகலோடு படிவத்தைக் கொடுத்துவிட்டன. மனுவேல் மார்ஷல் என்ற பெயருக்கு எதிரே மட்டும் இரண்டு கட்டங்கள் காலி. சங்கச் செயலாளர் எர்னஸ்ட் அருடா முப்பத்தைந்து வருஷம் தபால்காரராக இருந்தவர். விலாசம் முழுசாக இல்லாத எதையும் அவரால் பொறுத்துக்கொள்ள முடியாது.

"பெந்தெகொஸ்தே திருவிழாவுக்குள்ள குடுத்துடும்மா. இல்லன்னா வெறும் 'அசோர்ஸ்'னு போட்டுடுவேன். மத்தவங்களுக்கெல்லாம் ஊரு இருக்கு, உங்க ஆளுக்கு மட்டும் கடல்ல மிதந்து வந்த மாதிரி இருக்கும்" என்றார்.

அந்தக் கடைசி வாக்கியம்தான் டெனிஸுக்குச் சுருக்கென்று தைத்தது. அவளுக்கு வயது ஐம்பத்தாறு. பள்ளிக்கூடச் சாப்பாட்டுக்கூடத்தில் தினம் நானூறு பிள்ளைகளுக்குச் சமைத்துப் போடுகிறவள். இரண்டு மணிக்கு வேலை முடிந்தால் நேரே வீட்டுக்கு வந்து, ஏப்ரனைக்கூட அவிழ்க்காமல் கணினி முன்னால் உட்கார்ந்துவிடுவாள்.

மனுவேல் விட்டுப்போன காகிதங்கள் ஒன்றோடொன்று சண்டை போட்டன. குடியுரிமை மனுவில் 1881 மார்ச் 14 என்று பிறந்த தேதி இருந்தது. 1910 மக்கள்தொகைக் கணக்கில் வயது இருபத்தைந்து. 1920இல் முப்பத்தொன்பது. பத்து வருஷத்தில் பதினாலு வயது ஏறியிருந்தது. கல்யாணப் பதிவில் ஜோசே, மரியா என்று இருந்த பெற்றோர் பெயர், இறப்புச் சான்றிதழில் 'தெரியாது' என்று ஆகியிருந்தது. சொன்னவர் அவருடைய சொந்த மகன்.

குடும்பப் பெயரே கோளாறுதான். ஊரில் மஷாடோ என்று இருந்தது, ஆலை வாசலில் பெயர் எழுதியவன் காதில் மார்ஷல் என்று விழுந்திருக்கிறது. அதோடு போயிற்று.

அவள் அண்ணன் ரேமண்ட் கார் பட்டறை வைத்திருந்தான். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வரும்போதெல்லாம் அதே கேள்வி.

"என்ன, தாத்தா மாட்டினாரா?"

"இல்ல."

"செத்து எழுபது வருஷம் ஆச்சு, இன்னும் உன்கிட்ட மாட்டாம ஓடிட்டிருக்காரு பாரு. கெட்டிக்காரருதான்."

அப்பா கில்பர்ட்டுக்கு எண்பத்து நாலு. மனுவேலை நேரில் பார்த்தவர்களில் உயிரோடு இருக்கிறவர் அவர் ஒருவர்தான். தாத்தா சாகும்போது அவருக்குப் பதிமூன்று வயது.

"ஃபாயல் தீவுன்னு சொன்னதா ஞாபகம்" என்றார்.

"போன வாரம் பிக்கோன்னு சொன்னீங்கப்பா."

"ரெண்டும் பக்கத்துப் பக்கத்துலதானே இருக்கு. என்ன இப்ப?"

"பக்கத்துல இருந்தா ஒண்ணாயிடுமா? நான் ஒவ்வொரு ஊரா, ஒவ்வொரு பக்கமா பொரட்டணும்ப்பா. அவர் ஒரு வார்த்தைகூட ஊரப் பத்திப் பேசினதில்லயா?"

"பேச மாட்டார். கேட்டா எந்திரிச்சுத் தோட்டத்துக்குப் போயிடுவார். நாங்களும் கேக்கிறத விட்டுட்டோம்." கில்பர்ட் ரொட்டியைச் சூப்பில் தோய்த்தபடி, "நீயும் விட்டுடலாம்" என்றார்.

விடுகிற ஜாதி இல்லை டெனிஸ். பிப்ரவரியில், நூலகத்தில் பழைய கப்பல் பட்டியல்களின் படச்சுருளை ஒரு வாரம் சுழற்றிச் சுழற்றிக் கழுத்து பிடித்துக்கொண்ட பிறகு, ஒரு வழியாக ஒரு வரி கிடைத்தது. 1903 ஜூன். மனுவேல் மஷாடோ, வயது 22. போய்ச் சேர வேண்டிய இடம்: ஃபால் ரிவரில் ஒன்றுவிட்ட அண்ணன் வீடு. கொள்ளுத்தாத்தாவின் கல்யாணப் பதிவில் சாட்சிக் கையெழுத்துப் போட்டவரின் வீடும் அதே விலாசம்! புறப்பட்ட இடம்: சாவோ ஜோர்ஜ் தீவு, ரிபெய்ரா ட ஃபஜா. ஃபாயலும் கிடையாது, பிக்கோவும் கிடையாது.

நூலகத்தில் சத்தம் போடக் கூடாது என்பதால் வெளியே வந்து, பனிக் குவியலுக்குப் பக்கத்தில் நின்று ஒருமுறை கத்திவிட்டு உள்ளே போனாள்.

அந்த ஊர்த் தேவாலயத்தின் ஞானஸ்நானப் புத்தகங்கள் இணையத்தில் படங்களாக இருந்தன. அகரவரிசை கிடையாது. எழுத்தோ, கோழி மை மிதித்து நடந்தது போல இருந்தது. டெனிஸுக்குத் தெரிந்த போர்த்துகீசியம் சாப்பாட்டுப் பெயர்களும் வசவுகளும்தான். அதனால் மாடி வீட்டு ஃபிலொமேனாவைப் பிடித்தாள். ஃபிலொமேனா பதினோரு வயதில் சாவோ மிகெல் தீவிலிருந்து வந்தவள், இப்போது அறுபது. ரொட்டிக்கடையில் விடியற்காலை வேலை, மத்தியானம் சும்மாதான் இருப்பாள். ஆனால் வாய் சும்மா இருக்காது.

"சாவோ ஜோர்ஜ்காரங்களா நீங்க? அப்பவே நெனச்சேன், இந்தப் பிடிவாதம் எங்கேர்ந்து வந்துச்சுன்னு" என்றபடி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "இந்தப் பாதிரியார் எழுதும்போது குடிச்சிருந்தாரா?"

"படிக்க முடியுதா முடியலயா?"

"கத்தாதடி. கண்ணாடி போட்டுக்கறேன்."

பதினோரு நாள் ஒன்றும் கிடைக்கவில்லை. பன்னிரண்டாம் நாள் ஃபிலொமேனா திரையில் விரலை வைத்து நிறுத்தினாள். "மனுவேல். மார்ச் பதினாலு, ஆயிரத்தெண்ணூத்தி எண்பத்தொண்ணு. அப்பா ஜோசே மஷாடோ த ஆவிலா, அம்மா மரியா ஜோசெஃபா. இந்தா, புடி உன் ஆள!"

டெனிஸ் அவளைக் கட்டிக்கொண்டாள். அன்று சாயங்காலமே அந்தப் பதிவை அச்செடுத்து, படிவத்தைப் பூர்த்தி செய்து, சங்க மண்டபத்துக்கு ஓடினாள். போகிற வழியில் ரேமண்டின் பட்டறைக்குள் தலையை நீட்டி, "மாட்டிட்டார்!" என்று சொல்லிவிட்டும் போனாள்.

அருடா காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்து நிதானமாகப் பார்த்தார்.

"ஓரம் எங்கம்மா?"

"எந்த ஓரம்?"

"இடது பக்க ஓரம். பாதிரியாருங்க பின்னாடி நடந்ததையெல்லாம் அங்கதான் எழுதுவாங்க. கல்யாணம், சாவு. உன் அச்சு இயந்திரம் அத வெட்டிடுச்சு. முழுப் பக்கமாக் கொண்டா, வாங்கிக்கறேன்."

"தேதி சரியா இருக்கு, ஊரு சரியா இருக்கு, இன்னும் ஓரம் வேற வேணுமா உங்களுக்கு?"

"பதினெட்டுப் பேரும் முழுப் பக்கம் குடுத்தாங்க" என்றார் அருடா.

வாய்க்குள் திட்டிக்கொண்டே வீட்டுக்கு வந்து, பக்கத்தைச் சுருக்கி மறுபடி அச்செடுத்தாள். ஓரத்தில் சின்னதாக ஒரு சிலுவை. அதற்குக் கீழே இரண்டு வரி. ஃபிலொமேனாவைக் கூப்பிட்டாள். அவள் படித்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி போட்டுப் படித்தாள்.

"என்ன? சொல்லேன்."

"செத்துட்டான்."

"யாரு?"

"இந்த மனுவேல். 1902 டிசம்பர் ஒம்பது. இந்த ஊருக் கல்லறையிலயே பொதைச்சிருக்காங்க."

டெனிஸ் கப்பல் பட்டியலின் நகலை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். பிறகு, "அவர் 1903ல கப்பல் ஏறினார் ஃபிலொமேனா" என்றாள், ஏதோ தவறு ஃபிலொமேனாவுடையது போல.

"நான் என்னடி பண்ணட்டும்? எழுதியிருக்கிறதப் படிக்கிறேன்."

"நல்லாப் பாரு. வேற வார்த்தையா இருக்கும்."

"சாவுக்கு வேற வார்த்தை இல்ல."

சாவுப் புத்தகத்தையும் புரட்டினார்கள். இருந்தது. மனுவேல், இருபத்தொரு வயது, கல்யாணமாகாதவன், ஜோசே மஷாடோ த ஆவிலாவின் மகன், நெஞ்சு நோய். டெனிஸ் அன்றைக்கு அத்தனை அச்சுக் காகிதங்களையும் ஒரு பழைய பேஸ்ட்ரிப் பெட்டியில் போட்டு, அலமாரி மேல் தூக்கி வைத்தாள். ஒன்பது நாள் அந்தப் பக்கம் திரும்பவில்லை. ரேமண்ட் கேட்டபோது, "தப்பிச்சிட்டார்" என்று மட்டும் சொன்னாள். அவன் சிரித்த சிரிப்புக்கு, உருளைக்கிழங்குப் பாத்திரத்தை அவன் தலையில் கவிழ்த்தால் என்ன என்று தோன்றியது.

பத்தாம் நாள் மாடியிலிருந்து ஃபிலொமேனா தானாகவே இறங்கி வந்தாள்.

"எனக்குத் தூக்கம் வரல. கடவுச்சீட்டுப் பதிவேடு ஒண்ணு இருக்குமே, அதப் பாத்தியா?"

பார்க்கவில்லை. பார்த்தார்கள். 1903 மே மாதம், மனுவேல் மஷாடோ த ஆவிலா, ரிபெய்ரா ட ஃபஜா, 22 வயது, அமெரிக்கா போகிறார், ராணுவ சேவையிலிருந்து விலக்கு, சான்று காட்டப்பட்டது. செத்து ஐந்து மாதம் ஆனவன் கடவுச்சீட்டு வாங்கியிருக்கிறான். பக்கத்தில் அங்க அடையாளம்: இடது மோதிர விரலில் நுனி இல்லை. டெனிஸ் எழுந்து போய்ப் பெட்டியை இறக்கி, குடியுரிமை மனுவைத் தேடி எடுத்தாள். அதிலும் அதே விரல், அதே நுனி.

"அப்பா," என்று தொலைபேசியில் கேட்டாள், "உங்க தாத்தாவுக்கு விரல் ஒண்ணு கட்டையா இருக்குமா?"

"ஆமா, இடது கை. தறியில போச்சுன்னு நெனச்சிட்டிருந்தேன். ஏன்?"

தறியைக் கண்ணால் பார்ப்பதற்கு முன்பே போன விரல் அது. கடவுச்சீட்டு வாங்கியவரும் கில்பர்ட்டின் தாத்தாவும் ஒரே ஆள்தான். ஆனால் அந்த ஆள் மனுவேல் இல்லை.

இரண்டு பெண்களும் அந்தக் குடும்பத்தின் மற்றப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். மூத்தவள் மரியா, அங்கேயே கல்யாணமாகி அங்கேயே செத்தாள். ஜோசே, கைக்குழந்தையிலேயே போய்விட்டான். பிறகு மனுவேல். கடைசி ரோசா. நடுவில் ஃபிரான்சிஸ்கோ, 1885 ஜனவரி. அவனுக்குக் கல்யாணமும் இல்லை, சாவும் இல்லை. ஓரம் வெறுமையாக இருந்தது.

"1910 கணக்குல வயசு இருவத்தஞ்சு" என்றாள் டெனிஸ் மெதுவாக. "அன்னிக்கு உண்மையச் சொல்லிட்டாரு."

ஃபிலொமேனா தலையாட்டினாள். "பட்டாளத்துக்குப் பயந்து ஓடின பசங்க எங்க தீவுலயும் இருந்தாங்க. அந்த வயசுப் பையன வெளியே விட மாட்டான், யாராவது ஜாமீன் நிக்கணும். இவங்கண்ணன் நோயாளி, விலக்குச் சீட்டு வாங்கி வெச்சிருந்திருக்கான். அவன் போயிட்டான், சீட்டு வீட்லயே கெடந்திருக்கு."

"அதாவது என் கொள்ளுத்தாத்தா, செத்த அண்ணன் பேர்ல ஐம்பது வருஷம் வாழ்ந்தாரு."

"அப்படித்தான் தெரியுது."

"நிரூபிக்க என்ன இருக்கு?"

"வெறும் ஓரம் இருக்கு" என்றாள் ஃபிலொமேனா.

ஞாயிற்றுக்கிழமை டெனிஸ் வீட்டில் விஷயத்தைச் சொன்னாள். ரேமண்ட் இந்த முறை சிரிக்கவில்லை. "இத வெளிய சொல்லாத. அருடா ஊரெல்லாம் தண்டோரா போடுவாரு, மார்ஷல் குடும்பம் கள்ளச் சீட்டுல வந்ததுன்னு" என்றான். கில்பர்ட் கோபத்தில் முகம் சிவந்து, "அந்த மனுஷன் தினம் காலைல நாலரைக்கு எந்திரிச்சு வேலைக்குப் போனவரு. அவரப் போயி..." என்று ஆரம்பித்தவர் முடிக்காமல் எழுந்து தோட்டத்துப் பக்கம் போய்விட்டார்.

டெனிஸுக்கு அழுகை வந்தது. ஆறு மாதம் தேடி, அவள் வீட்டுக்குக் கொண்டுவந்தது இதுதானா?

கடைசி முயற்சி ஃபிலொமேனாவுடையது. ரிபெய்ரா ட ஃபஜாவில் ஒரே ஒரு காப்பிக்கடை. அதன் எண்ணைத் தேடிப் பிடித்து, ஒரு மத்தியானம் டெனிஸ் வீட்டுச் சமையலறையிலிருந்து கூப்பிட்டாள். கடைக்காரன் யாரையோ கூப்பிட, அவர் யாரையோ கூப்பிட, நாலாவது அழைப்பில் லிதுயினா என்ற எழுபத்து மூன்று வயது அம்மாள் கிடைத்தாள். ரோசாவின் மகள் வயிற்றுப் பேத்தி. ஃபிலொமேனா பேசப் பேச, டெனிஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபிலொமேனா பாதியில் ஒலிவாங்கியைக் கையால் பொத்தினாள்.

"தெரியும்ங்கறா டெனிஸ். ஃபிரான்சிஸ்கோ. அண்ணனோட சீட்ட அம்மாவோட பெட்டியிலேர்ந்து எடுத்துட்டு, சொல்லாமக் கொள்ளாமப் போயிட்டானாம்."

"கடிதம்? கடிதம் ஏதாவது போட்டாரா? கேளு."

ஃபிலொமேனா கேட்டாள். மறுபக்கம் அந்த அம்மாள் நெடுநேரம் பேசினாள். ஃபிலொமேனாவின் குரல் தணிந்து போயிற்று.

"மூணு வந்துச்சாம். யாரையோ வெச்சு எழுதி அனுப்பியிருக்கான். மொதல் கடிதத்தப் பாதிரியார் படிக்க எடுத்தாராம். 'உங்கள் மகன் மனுவேல்'னு கீழ இருந்துச்சாம். வேற எப்படி எழுதுவான், யாராவது பிரிச்சா மாட்டிக்குவானே. அந்தத் தாய்க்கு அதான் பொறுக்கல. 'என் மனுவேலப் பொதைச்ச மண்ணு இன்னும் காயல, அவன் பேரையும் திருடிட்டுப் போயி அந்தப் பேர்லயே எனக்கு எழுதறானா'ன்னு கத்தியிருக்கா. மத்த ரெண்டையும் பிரிக்கவே இல்லயாம்."

"எங்க இருக்கு அது இப்ப?"

"அடுப்புல."

"ஒண்ணுகூடவா மிஞ்சல?"

"எரிச்சத அவங்க பாட்டி ரோசா பாத்திருக்கா. பதினாலு வயசுப் பொண்ணு, தடுக்க முடியல. சாகற வரைக்கும் அதச் சொல்லிச் சொல்லி அழுவாளாம்."

டெனிஸ் கையை நீட்டித் தொலைபேசியை வாங்கினாள். தெரிந்த போர்த்துகீசியத்தில் சாப்பாட்டுப் பெயர்களையும் கெட்ட வார்த்தைகளையும் ஒதுக்கினால் மிஞ்சுவது, "நன்றி, நன்றி" மட்டும்தான். அதையே சொன்னாள். அந்தப் பக்கம் லிதுயினாவும் அழுதுகொண்டே ஏதோ சொன்னாள். "உன்ன 'உறவே'ன்னு கூப்பிடறா" என்றாள் ஃபிலொமேனா.

அருடா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "தொலைபேசில சொன்னத எப்படிம்மா ஏத்துக்கறது? காகிதம் வேணும்" என்றார்.

"காகிதத்த அடுப்புல போட்டுட்டாங்க சார். அதத்தான் அரை மணி நேரமா சொல்லிட்டிருக்கேன்."

"சங்கத்துல சேரும்போது அவரு மனுவேல்னுதான் பேர் குடுத்திருக்காரு. அத மாத்த எனக்கு அதிகாரம் இல்ல." கொஞ்சம் யோசித்தார். "ஆனா கப்பல் பட்டியல்ல ஊரு இருக்கு. ஊரப் போட்டுடறேன். இந்தக் கதை இந்த அறையோட நிக்கும், போதுமா?"

போதாது. ஆனாலும் கையெழுத்துப் போட்டாள். 'மனுவேல் மார்ஷல், சாவோ ஜோர்ஜ், ரிபெய்ரா ட ஃபஜா' என்று கல்லில் ஏறியது. ஒவ்வொரு எழுத்தும் அழகாக வந்திருந்தது. 'மனுவேல்' என்ற அந்தப் பெயரைப் பார்த்தாலே அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

கில்பர்ட்டிடம் கடிதங்களைப் பற்றி அவள் சொன்னது அதற்கடுத்த வாரம். "மூணு தடவை எழுதிப் பாத்தாரா" என்று கேட்டார். "ஆமாப்பா." "பதிலே வரலயா." "வரல." அவர் கைக்குட்டையை எடுத்து மூக்கைச் சிந்தினார். "ஒரு பூசை வெச்சிடலாம்" என்றார். "அவரு சொந்தப் பேர்ல. சாமியாரு காகிதம் கேக்க மாட்டாரு இல்ல?"

சாமியார் கேட்கவில்லை. பெயரையும் தேதியையும் டெனிஸ் பெரிய எழுத்தில் எழுதி அலுவலகத்தில் கொடுத்தாள். ஜூன் முதல் ஞாயிறு, காலை எட்டு மணிப் பூசை. அன்று ஏழேகாலுக்கே அப்பாவைக் கூட்டிக்கொண்டு தேவாலயத்துக்குப் போனாள். ரேமண்டும், டை கட்டிக்கொண்டு, வாசலில் நின்றான். ஃபிலொமேனா முன் வரிசையில் இடம் பிடித்திருந்தாள். வாசலில் அடுக்கியிருந்த வாராந்தரத் தாளை எடுத்து டெனிஸ் பிரித்தாள்.

'எட்டு மணி: காலஞ்சென்ற ஃபிரான்சிஸ்கா மார்ஷல் ஆன்மாவுக்காக. வேண்டுவோர்: குடும்பத்தார்.'

"பொம்பளையாக்கிட்டாங்க" என்றாள். "குடும்பப் பேரும் தப்பு. பெரிய எழுத்துல எழுதிக் குடுத்தேன் ரேமண்ட். பெரிய எழுத்துல!"

ரேமண்ட் தாளை வாங்கிப் பார்த்தான். எப்போதும் போலச் சிரிக்கப் போகிறான் என்று நினைத்தாள். அவன் சட்டைப் பையைத் தடவி, பட்டறைப் பேனாவை எடுத்தான். "எத்தன தாள் இருக்கு?"

"இருநூறு இருக்கும்."

கில்பர்ட் அதற்குள் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, ஒரு கட்டுத் தாளை மடியில் வைத்துக்கொண்டு, கையை நீட்டினார். டெனிஸ் தன் பேனாவை அவரிடம் கொடுத்துவிட்டு, ஃபிலொமேனாவிடம் இன்னொன்று வாங்கினாள். மூவரும் வரிசையாக உட்கார்ந்து, தப்பான பெயரை அடித்து, மேலே எழுதினார்கள்: ஃபிரான்சிஸ்கோ மஷாடோ த ஆவிலா. கில்பர்ட் அவசரமாக எழுதியது ரிபெய்ரா ட ஃபஜா பாதிரியாரின் எழுத்தைவிட மோசமாக இருந்தது. "ஆவிலாவ எப்படி எழுதறதுப்பா?" என்று ரேமண்ட் இரண்டு தரம் கேட்டான்.

எட்டடிக்க ஐந்து நிமிஷம் இருக்கும்போது மணி அடித்து, ஜனங்கள் உள்ளே வரத் தொடங்கினார்கள். அறுபது தாள் வரைக்கும்தான் திருத்த முடிந்தது. மீதியை வந்தவர்கள் தப்பான பெயரோடு அப்படியே எடுத்துக்கொண்டு போனார்கள்.